பெரிய மாமாவுக்குச் சிவப்பு மையில்

கூலிம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய பெரிய மாமா ராமையா அவர்களுக்கு,

அம்மாவின் ஐசி, அந்த அடையாள அட்டை, அறுபத்தோரு வயதிலும் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் நீங்கள்தான்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன். இனி முறைப்படி விசாரிக்கிறேன். நலமாக இருக்கிறீர்களா? பசியாறிவிட்டீர்களா? அழகம்மா அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நானும் அம்மாவும் நலம். ஜோகூரில் ஷாமளா அக்காவும் மாப்பிள்ளையும் நலம். உங்கள் போன் மட்டும் நலமில்லை என்று நினைக்கிறேன். இரண்டு மாதமாக அடித்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. உங்களிடமிருந்து எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே நீலம் அந்தக் கோடுதான். ஆகவே கடிதம்.

சிவப்பு மையில் எழுதுகிறேன் என்று கோபப்பட வேண்டாம். எங்கள் ஃபேக்டரியில் தரம் பார்க்கிற பிரிவில் எல்லாருக்கும் சிவப்புப் பேனாதான் கொடுக்கிறார்கள். கோணலான பொருளை எடுத்து, சிவப்புச் சீட்டு ஒட்டி, என்ன கோளாறு என்று சிவப்பில் எழுதி, சிவப்புத் தொட்டியில் போடுவது என் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் இருப்பது இந்தப் பேனாதான். உங்கள் பெயரைச் சிவப்பில் எழுதுவது எனக்குப் புதிதும் இல்லை. அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயர் சிவப்பில்தான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரே நீங்கள்தான்.

அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பீடோங்கில் அச்சகத்துச் சீன முதலாளி, அந்தத் தவுக்கே, இரண்டு கையையும் ஆட்டி, "வேணாம் அண்ணே, பேரு மேராவுல போட்டா ஆயுசு கொறையும் லா, எங்க ஆளுங்க சண்ட போட்டுப் பிரியறப்பதான் அப்பிடி எழுதுவாங்க" என்று கெஞ்சுகிறார். நீங்கள் மேசையைத் தட்டி, "நான் தாய்மாமன்யா! எங்க ஆளுங்களுக்குச் செவப்புதான் மங்களம்! குங்குமம் என்ன பச்சையிலயா வைக்கிறோம்?" என்று கேட்கிறீர்கள். அவர் உள்ளே போய்த் தன் மனைவியைக் கூட்டி வருகிறார். அந்த அம்மாவும் வேண்டாம் என்கிறார். நீங்கள் போனில் அத்தையைப் பிடித்து ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். அத்தை நிலவரம் தெரியாமல், "வர்றப்ப மீன் வாங்கிட்டு வாங்க" என்கிறார். அரை மணி நேரம் இப்படிப் போய்க் கடைசியில் தவுக்கே முந்நூறு பத்திரிகையையும் நீங்கள் சொன்னபடியே அடித்துக் கொடுத்தார். அடியில் தன் அச்சகத்தின் பெயரை மட்டும் போடவில்லை. பாவத்தில் பங்கு வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அதற்கு முன்னால் பெண் பார்க்க வந்த கதை. மாப்பிள்ளையின் அம்மா போனில் உங்களிடம், "பொண்ணு செவப்பா இருக்குமாங்க?" என்று கேட்டிருக்கிறார். நீங்களும் கொஞ்சம்கூட யோசிக்காமல், "எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாமே நல்ல செவப்புங்க" என்று அடித்துவிட்டிருக்கிறீர்கள். எதற்கு மாமா அந்தப் பொய்? அக்கா கறுப்பு, நான் அதைவிடக் கறுப்பு, அம்மா முப்பத்திரண்டு வருசம் பால்மரம் வெட்டியவர், அவர் நிறத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வந்த அம்மாள் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டோடு வந்த அம்மாவைப் பார்த்தார், அப்புறம் அறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னொரு பொண்ணு உள்ள இருக்குதுங்களா?" என்று கேட்டாரே, அப்போது நீங்கள் ஃபேன் போடுகிற சாக்கில் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அம்மாதான் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வீட்டுல செவப்பா இருக்குறது என் ஐசி ஒண்ணுதாங்க." அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பல்செட் நகர்ந்துவிட்டது. சம்பந்தமும் அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது. எல்லாரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் அப்புறம்தான் யோசித்தேன்.

இப்போது கல்யாண நாளுக்கு வருகிறேன். நீங்கள் இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைப்பீர்கள் என்று தெரியும். தயவுசெய்து மடிக்காதீர்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் அத்தை ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் அது குப்பென்று சிவந்தது. சுற்றி ஏழெட்டுப் பெண்கள். அத்தைக்குக் கதை வந்துவிட்டது.

"இந்தச் செவப்புத் தண்ணிதான்டி எனக்குப் புருசன் புடிச்சுக் குடுத்துச்சு" என்றார்.

"எப்பிடி அத்தே?"

"கோயில் திருவிழா முடிஞ்சு தண்ணி ஊத்துற நாளு. மொறப்பையனாப் பாத்துப் பாத்து ஊத்துவோம். நான் வேற தோட்டம், திருவிழாவுக்கு வந்திருந்தேன். பதிமூணு வயசு. ஒங்க மாமா பதினஞ்சு வயசுல வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு ஆபீஸ் பக்கம் விறுவிறுன்னு போறாரு. வாளியோட மறிச்சேன். 'ஏய், ஊத்தாத, பையில காயிதம் இருக்கு'ன்னு கத்துனாரு. கத்துனா விடுவமா? தலையோட ஊத்திட்டேன். சட்ட செவப்பு, காயிதமும் செவப்பு, ஒரு எழுத்துத் தெரியல. அப்ப ஒரு பார்வ பாத்தாரு பாரு!"

பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். நான் கேட்டேன், "என்ன காயிதம் அத்தே?"

"டிரெசர் எழுதிக் குடுத்த சீட்டுதான். ஒங்கம்மா பொறந்து அப்ப நாலு நாளு. கிராணிகிட்ட குடுத்துட்டு வாடான்னு ஒங்க தாத்தா அனுப்பியிருக்காரு. நனஞ்சத சொன்னா அடிப்பாருன்னு 'குடுத்துட்டேன்'னு சொல்லிட்டாராம். பாவம், பயந்த மனுசன்."

தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் எழுதுகிற அந்தச் சீட்டை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வாங்கி மேலே அனுப்பினால்தான் பிறப்புப் பத்திரம் வரும். இது அந்தப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் கல்யாண வீட்டில் அதை யார் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்? நான் பார்த்தேன். கோளாறு எங்கே என்று தேடுவதுதான் என் வேலை. திரும்பினால் நீங்கள் வாசலில், தோளில் போர்த்திய சால்வையோடு நிற்கிறீர்கள். "மாமா, அது அம்மாவோட பொறப்புச் சீட்டா?" என்று கேட்டேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துத்தான் சத்தமாகக் கேட்டேன். மேளக்காரர்கள் அந்த நொடி பார்த்து நிறுத்துவார்கள் என்று நான் கனவா கண்டேன்? மண்டபம் முழுக்கத் திரும்பியது. நீங்கள் கையிலிருந்த மாலைத் தட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல்கூட, உங்கள் சிவப்பு ஹோண்டா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். போன வேகத்தில் சால்வை பின்னால் பறந்தது. சிவப்பு எழுத்தில் உங்கள் பெயரோடு பத்திரிகை சுவரில் ஒட்டியிருந்தது. தவுக்கே இருந்திருந்தால் "நான் அப்பவே சொன்னேன் லா" என்றிருப்பார்.

மாமா, அந்தச் சீட்டு நனைந்ததால் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போன அம்மாவிடம் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். இல்லை. சிவப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். நீலம் இந்த நாட்டுக்காரர்களுக்கு. சிவப்பு, இங்கே தங்கிக்கொள்ளலாம் என்று விடப்பட்டவர்களுக்கு. செமிலிங் தோட்டத்து லயத்தில் பிறந்து, செமிலிங்கில் பால் வெட்டி, செமிலிங்கில் கல்யாணம் செய்து, பினாங்கைத் தாண்டிப் போகாத என் அம்மா எங்கிருந்து வந்து இங்கே தங்கினார்? அப்பா நீலம், அதனால் நானும் அக்காவும் நீலம். அம்மா ஒருவர் மட்டும் எங்கள் வீட்டில் அறுபத்தோரு வருசமாக விருந்தாளி.

போன தேர்தலில் நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோமே, அம்மாவும் கூடவே வந்தார். எதற்கு? வெளியே மரத்தடியில் நின்று என் கைப்பையையும், அத்தையின் குடையையும், உங்கள் ஹெல்மெட்டையும் வைத்துக்கொள்வதற்கு. நீங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மை வைத்த விரலை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி, "பாத்தியா நவமணி, கடமைய முடிச்சாச்சு" என்றீர்கள். அம்மா உங்கள் விரலைப் பிடித்துப் பார்த்து, "அழியாதாண்ணே?" என்று கேட்டார். "ஒரு வாரத்துக்கு அழியாது" என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு போனீர்கள். கோயில் மேடையில் மைக் கிடைத்தால் "நம்ம ஒடம்புல ஓடுற ரத்தம் ஒரே செவப்பு" என்று பேசுகிறவர் நீங்கள். அந்தப் பேச்சுக்குத்தான் சால்வையே போர்த்துகிறார்கள். உங்கள் தங்கையின் கையில் இருக்கிற சிவப்பைப் பற்றி ஒரு மேடையிலும் நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை. அந்தத் தேர்தல் முடிந்து வீட்டுக்கு வந்துதான், "எனக்கும் ஒரு தடவ அந்த மை வச்சுப் பாக்கணும்டி" என்றார். அதற்காகத்தான் நான் நீல ஐசிக்கு ஃபாரம் நிரப்பினேன். ஒவ்வொரு வாரமும் லீவு போட்டுப் பதிவு ஆபீஸுக்கு அலைந்தேன். பிறந்ததை நேரில் அறிந்தவர், அம்மாவைவிட மூத்தவர், நீல ஐசி உள்ளவர், இப்படி ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள். அத்தை நாலு நாள் கழித்து வந்தவர். தாத்தா, பாட்டி, டிரெசர் யாருமே இல்லை. உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர். கல்யாணத்துக்கு முன்னால் கேட்டபோது, "இதென்னா பெரிய விசயம், நான் வந்து சொல்றேன்" என்றீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் தேதி வந்தது. அது செவ்வாய்க்கிழமை. உடனே அத்தை மூலமாகச் சொல்லி அனுப்பினீர்கள்: "செவ்வாய்க்கெழம நல்ல காரியத்துக்குக் கையெழுத்துப் போடுறதில்ல."

செவ்வாய், அந்தக் கிரகமும் சிவப்பு என்பதால் உங்களுக்கு ஆகாதோ? குங்குமத்தில் சிவப்பு ஆகும், பத்திரிகையில் ஆகும், ஹோண்டாவில் ஆகும், கிழமையில் மட்டும் ஆகாதா? அம்மா பிறந்ததே ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். அந்தக் கிழமையில் பிறக்கலாம், பிறந்தாள் என்று சொல்லத்தான் கூடாதா?

போன மாதம் அந்தச் செவ்வாயன்று, அம்மாவும் நானும் எட்டு மணிக்கே அந்த ஆபீஸில் இருந்தோம். அம்மா அக்கா கல்யாணத்துக்குத் தனக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நம்பர் கூப்பிட்டதும் கவுண்டரில் இருந்த பெண், "சாக்சி மானா, மக்சே?" என்று கேட்டார். சாட்சி எங்கே? அம்மா என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். பதினொரு மணிவரை பார்த்தேன். நம்பர் மெஷின் அருகில் நின்றவரோடு எதற்கென்றே தெரியாமல் சண்டைகூடப் போட்டேன். அந்தப் பெண் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார், அடுத்த தேதியிலும் சாட்சி இல்லையென்றால் ஃபைலை மூட வேண்டியதுதான் என்று. பஸ்ஸில் வரும்போது அம்மா, "அவருக்கு ஒடம்பு முடியலையோ என்னமோ" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

அடுத்த தேதி இன்னும் ஒன்பது நாளில். அதுவும் செவ்வாய்தான், மாமா. நான் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஒன்பது மணிக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பதினஞ்சு வயசுல பயந்தீங்க, சரி. எழுபத்தாறு வயசுல யாரு ஒங்கள அடிக்கப் போறாங்க?

அத்தையின் முழங்கால் வலிக்காத காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும். உங்கள் மருந்துகளை நேரத்துக்குச் சாப்பிடவும். மாரியம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், குறைந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரை.

மரியாதையும் கோபமும் குறையாமல்,
உங்கள் தங்கச்சி மகள்,
காஞ்சனா

பி.கு.: இது நீலப் பேனா, அம்மாவுடையது. பஸ் வந்துவிட்டதால் கடிதத்தை ஒட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டார். முதலில், "மூணு எடத்துல மரியாத கொறையுது" என்றார். அப்புறம், "அன்னிக்கு அவரு வந்திருந்தாருடி" என்றார்.

"எங்க?"

"எதிர்ல, மரத்தடியில. ஹோண்டாவ நிறுத்திட்டு அதுமேலயே உக்காந்திருந்தாரு. ஹெல்மெட்டக்கூடக் கழட்டல. எட்டரைலேருந்து நம்ம கெளம்புற வரைக்கும். ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"கூப்பிட வேண்டியதுதானம்மா!"

"வெக்கப்பட்டு உக்காந்திருக்குற மனுசன எப்பிடிடி கூப்பிடறது?"

ஆகவே மாமா, கிழமையைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் தப்பு. கையெழுத்துப் போடுவதற்கு நீங்கள் பயப்படவில்லை. "ஏன் பதியவில்லை?" என்று கவுண்டரில் கேட்பார்கள், அதை அம்மாவின் முன்னால் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் பயந்தீர்கள். அம்மாவுக்கு அந்த நனைந்த சீட்டின் கதை முப்பது வருசமாகத் தெரியுமாம். அத்தை எப்போதோ சொல்லிவிட்டாராம். "ஏன் மாமாகிட்ட கேக்கல?" என்றால், "அவரு எங்கிட்ட சொல்லலையே. சொல்லாததுக்கு நான் எப்பிடி பதில் சொல்றது?" என்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். அந்த வருசம் நம் லயத்தில் பதினொரு பிள்ளைகள் பிறந்தார்களாம். பக்கத்து வீட்டுக் குணவதி அத்தையின் அப்பா மகளின் சீட்டை ஒரு சொட்டு நனையாமல் கிராணியின் கையிலேயே கொடுத்தாராம். குணவதி அத்தைக்கும் சிவப்பு. கோடி வீட்டு இராசாத்தி அத்தைக்கும் சிவப்பு. பதினொன்றில் ஏழு சிவப்பு. சீட்டெல்லாம் ஆபீஸ் மேசை இழுப்பறையிலேயே கிடந்து, கிராணி மாற்றலாகிப் போன பிறகு யாரோ அவற்றை வைத்து அடுப்பு மூட்டிவிட்டார்களாம். "நனையலன்னாலும் எனக்கு இதே கலருதான்டி" என்றார் அம்மா. குணவதி அத்தை வீட்டில் அவர் அப்பாவைத் திட்டுகிறார்கள். இராசாத்தி அத்தை வீட்டில் ஒரு சித்தப்பாவை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆளைப் பிடித்து வைத்துத் திட்டிக்கொண்டே அறுபது வருசம் போய்விட்டது. அந்த ஆபீஸ் மேசையை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இனிக் கேட்பதற்குத் துரையும் இல்லை, கிராணியும் இல்லை, இப்போது தோட்டமே இல்லை.

முதல் வரியை அடித்துவிடுகிறேன் என்றேன். அம்மா விடவில்லை. "இருக்கட்டும். அதப் படிச்சாத்தான் கோவத்துல மிச்சத்தையும் படிப்பாரு" என்றார்.

செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி. வண்டியை மரத்தடியில் நிறுத்தாதீர்கள், வாசலிலேயே நான் இடம் பிடித்து வைக்கிறேன். சீட்டைப் பற்றி அம்மாவிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். இவள் இங்கேதான் பிறந்தாள், நான் பார்த்தேன், அவ்வளவுதான். ஹெல்மெட்டக் கழட்டி அம்மா கையில குடுத்துட்டு உள்ள வாங்க மாமா. வருவீங்களா?